கிரேக்கக் கடற்கரைக் கிராமங்களில் உள்ளூர்ச் சாப்பாட்டைத் தேடுவோருக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கிரேக்க நாட்டின் கடற்கரை ஊர்களைப் பற்றி அண்மையில் வெளியான பயணக் கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். சாண்டோரினி, மைக்கோனோஸ் என்று எல்லோரும் போகும் தீவுகளோடு நின்றுவிடாமல், நாட்டின் தெற்கே உள்ள பெலோப்பொனீஸ் தீபகற்பத்தின் கரையோரத்துச் சிற்றூர்கள் வரை வாசகர்களை அழைத்துச் சென்றது பாராட்டுக்குரியது. ஆனால் அங்கே உள்ளூர் மக்கள் உண்ணும் உணவு எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு, இணையத்தில் அதிக நட்சத்திரம் வாங்கிய சில உணவகங்களின் பெயர்களை மட்டும் அடுக்கிக் கட்டுரையை முடித்திருந்தது எனக்கு மனக்குறையாக இருந்தது. பிரேயஸ் துறைமுகத்தைச் சார்ந்த கப்பல் நிறுவனங்களில் பொறியாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றி, கிடைத்த விடுப்புகளையெல்லாம் அந்நாட்டுக் கரையோரங்களிலேயே கழித்தவன் என்ற முறையில், இதைப் பற்றிச் சற்று விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

பெயர்ப் பட்டியல் ஏன் உதவாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீவுகளிலும் சிறு கடற்கரை ஊர்களிலும் பெரும்பாலான உணவகங்கள் ஈஸ்டர் பண்டிகையை ஒட்டித் திறந்து, அக்டோபர் இறுதியில் மூடப்படுபவை. இவற்றில் பல குத்தகைக்கு விடப்படுபவை என்பதால், பெயர்ப்பலகை அப்படியே இருக்கும்போதே சமையற்காரர் மாறிவிடுவதுண்டு. போன கோடையில் ஒரு பாட்டியம்மாவின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்து எழுதப்பட்ட வரிகளை நம்பி இந்தக் கோடையில் போகிறவருக்கு அந்தப் பாட்டியம்மா அங்கே இருப்பார் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மேலும், நட்சத்திரம் வழங்குபவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரில் ஒரே ஒரு மாலைப் பொழுதைக் கழித்தவர்கள். சூரியன் கடலில் இறங்கும் காட்சிக்கும் பரிமாறியவரின் புன்னகைக்கும் சேர்த்தே அவர்கள் மதிப்பெண் போடுகிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்த மதிப்பெண்ணை வைத்துத் தட்டில் இருந்தது அந்த ஊர் மீனா, வேறு கண்டத்திலிருந்து உறைபெட்டியில் வந்ததா என்று அறிய முடியாது.

என் கருத்தில், கிரேக்கக் கடற்கரைக் கிராமத்தில் ‘எந்தக் கடை நல்ல கடை’ என்று கேட்பதைவிட, ‘இன்றைக்கு இங்கே என்ன இருக்கிறது’ என்று கேட்பதே பயன் தரும். அந்தக் கேள்வியை அறிவோடு கேட்பதற்கு அந்தக் கடலின் நாட்காட்டியும் அடுப்பின் நாட்காட்டியும் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். பயணப் பக்கங்கள் சொல்லித் தர வேண்டியது அதைத்தான்.

கடலிலிருந்து தொடங்குகிறேன். கிரேக்கக் கடற்பகுதியில் ஜூன் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் இறுதி வரை இழுவைமடிப் படகுகளுக்குத் தடைக்காலம். வெளிநாட்டுப் பயணிகள் வெள்ளமெனக் குவிவதும் சரியாக அந்த மாதங்களில்தான். அப்போது கரைக்கு வரும் மீன் பெரும்பாலும் சிறு படகுக்காரர்கள் செவுள் வலையிலும் தூண்டில் கயிற்றிலும் பிடித்து வருவது. அளவு குறைவாகவும் வகை கலந்தும் இருக்கும். நெத்திலி இனமான காவ்ரோஸ், மத்தி இனமான சர்தேலா ஆகியவற்றை இரவில் விளக்கு வைத்துத் திரட்டிப் பிடிக்கும் சுருக்குமடிப் படகுகளோ, முழுநிலவை ஒட்டிய இரவுகளில் கடலுக்குப் போவதில்லை. நிலவொளியில் விளக்கைச் சுற்றி மீன் திரளாது. ஆகவே பௌர்ணமிக்கு அடுத்த நாள் ‘காவ்ரோஸ் இல்லை’ என்று ஒரு கடைக்காரர் கையை விரித்தால், அது அவர் கடையின் குறை அல்ல. கடலைப் பார்த்து வாங்குகிறவர் என்பதற்கு அதுவே சான்று. மாறாக, எந்த நாளிலும் எந்த மீனும் உண்டு என்று சொல்லும் பத்துப் பக்க உணவுப் பட்டியலைக் கண்டால் சற்று யோசிக்க வேண்டும்.

கணவாய்ப் பொரியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோடை முழுவதும் எல்லாக் கடைகளிலும் குறைந்த விலையில் வளையம் வளையமாக வரும் கலமாரி பெரும்பாலும் உறையவைத்து இறக்குமதி செய்யப்பட்டது. இதை மறைக்கக் கூடாது என்பது அந்நாட்டு விதி: உறைநிலைப் பொருள் எதுவானாலும் உணவுப் பட்டியலில் அதன் பெயருக்கு அருகே நட்சத்திரக் குறியோ, ‘உறைந்தது’ என்பதைக் குறிக்கும் ‘கத்’ (κατ.) என்ற சுருக்கெழுத்தோ இருக்க வேண்டும். அந்தச் சிறு குறியின் விளக்கம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இணையத்தில் வாங்கிய ஐந்து நட்சத்திரங்களைவிடப் பட்டியலில் உள்ள இந்த ஒற்றை நட்சத்திரம் பயணிக்கு அதிகம் சொல்கிறது. அதே போல, சிபூரா, லவ்ராகி என்ற இரண்டு மீன்களும் கிரேக்கத்தில் மிகப் பெருமளவில் கடற்பண்ணைகளில் வளர்க்கப்படுபவை. ஐரோப்பாவில் இவற்றை வளர்க்கும் நாடுகளில் கிரேக்கம் முன்வரிசையில் இருக்கிறது. பண்ணை மீன் கெட்டது என்று நான் சொல்லவில்லை. ஒரே அளவில், ஒரே விலையில், ஆண்டு முழுவதும் கிடைக்கும் மீனைக் ‘காலையில் வலையில் விழுந்தது’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை என்றுதான் சொல்கிறேன்.

நல்ல மீன் உணவகத்தில் மீனைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைத் தங்கள் கட்டுரை சொல்லியிருக்கலாம். பெலோப்பொனீஸின் தென்மேற்கிலுள்ள மெசீனியா கடற்கரையில் நான் வழக்கமாகப் போகும் ஒரு சிறிய டவெர்னா உணவகத்தில், உட்கார்ந்தவுடன் பட்டியல் வராது. உரிமையாளர் கையசைத்துச் சமையற்கட்டுக்குள் அழைப்பார். அங்கே எஃகு இழுப்பறை ஒன்றை இழுத்தால், உடைத்த பனிக்கட்டியின்மேல் சிவந்த பர்பூனி நான்கைந்து, வாலருகே கறுப்புப் புள்ளியுள்ள மெலனூரி இரண்டு, தனியே ஒரு பெரிய சினக்ரீதா என்று அன்றைக்கு வந்தவை மட்டும் கிடக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கிப் பழகிய எவருக்கும் அங்கே மொழி தேவைப்படாது. தேர்ந்தெடுத்த மீனைத் தராசில் வைத்து, முள் நிற்கும் வரை காத்திருந்து, எடையையும் விலையையும் மேசைமீது விரித்த காகிதத்தின் ஓரத்திலேயே பேனாவால் குறித்துவிடுவார். மீனுக்குக் கிலோக் கணக்கில் விலை போடுவது அங்கே பொது வழக்கம். பர்பூனி, சினக்ரீதா போன்ற உயர்ந்த மீன்கள் கிலோ 60 யூரோவைத் தாண்டுவதில் வியப்பில்லை. எடை போடும்போது கூட நின்று பார்ப்பதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. பார்க்காமல் ‘ஒரு மீன் கொண்டு வாருங்கள்’ என்று சொல்லிவிட்டு, பிறகு கணக்குச் சீட்டைப் பார்த்து மனம் நொந்தவர்களைப் பல மேசைகளில் கண்டிருக்கிறேன். செலவைக் குறைக்க விரும்புவோர் காவ்ரோஸ், சர்தேலா, மரீதா போன்ற பொடி மீன்களைக் கேட்கலாம். இவை தட்டுக் கணக்கில் வரும். உள்ளூர்க் குடும்பங்கள் விரும்பி உண்பதும் இவற்றையே.

கடலோர மேசைகளைத் தவிர்த்து, பின் தெருவுக்குப் போனால்தான் உண்மையான உணவு கிடைக்கும் என்று பலரும் எழுதுகிறார்கள். பெரிய சுற்றுலா ஊர்களில் இது ஓரளவு பொருந்தலாம். ஆனால் முப்பது நாற்பது வீடுகளே உள்ள மீனவக் கிராமத்தில் பின் தெரு என்று ஒன்றே இருக்காது. அங்கே தண்ணீரை ஒட்டி நிற்கும் மேசைகள், பக்கத்தில் கட்டியிருக்கும் படகின் சொந்தக்காரருடைய குடும்பத்துக்கே உரியவையாக இருப்பதும் உண்டு. கொடியில் காயும் ஆக்டோபஸைப் பார்த்து உடனே உள்ளே நுழைவதும் அவ்வளவு நம்பத்தக்க வழி அல்ல. புகைப்படத்துக்காகவே தொங்கவிடுபவர்கள் பெருகிவிட்டார்கள். நாற்காலி பழையதா, சுவர் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கிறதா என்று வறுமைக் கோலத்தைத் தேடுவதை நான் வன்மையாக மறுக்கிறேன். உழைத்துச் சம்பாதித்த பணத்தில் கடையைப் புதுப்பித்துக்கொண்ட குடும்பம் அதனாலேயே பொய்யானதாக ஆகிவிடாது.

கடையின் வகையை அறிந்து போவது இதைவிடப் பயனுள்ளது. டவெர்னா என்பது குடும்பத்தோடு உட்கார்ந்து உண்ணும் பொதுவான இடம். ப்ஸாரோடவெர்னா மீனுக்கென்று உள்ளது. ஊசெரியில் ஊசோ மதுவுக்குத் துணையாகச் சிறு சிறு தட்டுகள் வரும். கஃபெனியோ என்பது ஊர்ப் பெரியவர்கள் காப்பியும் சீட்டாட்டமுமாக உட்காரும் கடை, ஆனால் சிற்றூர்களில் அங்கேயும் இரண்டு மூன்று பதார்த்தங்கள் அருமையாகக் கிடைப்பதுண்டு. வோலோஸ் நகரத்துத் துறைமுகக் கரையில் சிபுராதிகோ என்ற தனி வகை இருக்கிறது. சிபுரோ மதுவைச் சிறு புட்டியில் கேட்க, ஒவ்வொரு புட்டியோடும் ஒரு புதிய தட்டு தானாகவே வரும்; எது வரும் என்பதைச் சமையற்கட்டுத்தான் தீர்மானிக்கும். 1922-க்குப் பிறகு ஆசியா மைனரிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) வந்து குடியேறிய அகதிக் குடும்பங்களின் கைமணம் அந்தத் தட்டுகளில் இன்றும் தெரிகிறது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் இருக்க, ஊசெரியில் போய், கத்தரிக்காயும் கொத்திறைச்சியும் அடுக்கிச் சுட்ட முசாக்கா கேட்டு, ‘சரியில்லை’ என்று மதிப்பெண்ணைக் குறைப்பது முறையாகாது.

இனி நம் வாசகர்களில் பெரும் பகுதியினருக்கு முக்கியமான ஒன்று. கிரேக்கக் கடற்கரை என்றாலே மீனும் இறைச்சியும்தான் என்று தங்கள் கட்டுரை தொனித்ததால், சைவ உணவுக்காரர்கள் அந்நாட்டுப் பயணத்தையே தவிர்த்துவிடக் கூடும் என்று அஞ்சுகிறேன். உண்மை நேர்மாறானது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாட்கள் ஆண்டில் ஏராளம்: ஈஸ்டருக்கு முந்திய நீண்ட தவக்காலம், ஆகஸ்ட் 1 முதல் 14 வரை அன்னை மரியாளின் திருவிழாவுக்கு முந்திய நோன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்திய நாற்பது நாள், இவற்றோடு வழக்கமான புதன், வெள்ளிக் கிழமைகள். இந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை ஆகியவை விலக்கு. எல்லோரும் இன்று இதை முழுமையாகக் கடைப்பிடிப்பதில்லை என்றாலும், பல நூற்றாண்டு நோன்புகள் அந்நாட்டு அடுப்புக்கு ஒப்பற்ற காய்கறிச் சமையலைக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் சேர்த்து மெல்லிய தீயில் வேகவைக்கும் லதெரா வகைகள் இதில் முதன்மையானவை. பச்சை பீன்ஸில் செய்யும் ஃபசோலாக்கியா, கத்தரி, உருளை, சீமைச் சுரைக்காய் சேர்ந்த ப்ரியாம், அரிசியும் மூலிகைகளும் அடைத்துச் சுட்ட தக்காளியும் குடமிளகாயுமான யெமிஸ்தா, பெரிய வெள்ளை மொச்சையில் செய்யும் யீகாந்தெஸ் என்று அது நீளும். கோடையில் ‘ஹோர்தா’ (கீரை) என்று கேட்டால் பெரும்பாலும் வருவது வ்லீதா; அது முளைக்கீரை இனத்தைச் சேர்ந்தது. வேகவைத்த தண்டும் இலையுமாக, மேலே எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். வெளிநாட்டுக் கடற்கரையில் அந்தக் கீரைத் தட்டு முன்னால் வந்து அமரும்போது ஒரு தமிழருக்கு உண்டாகும் மகிழ்ச்சியை நான் விவரிக்க வேண்டியதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். நோன்பு உணவை நிஸ்தீசிமா என்பார்கள். இறாலும் ஆக்டோபஸும் கணவாயும் சிப்பியும் அதில் அனுமதிக்கப்பட்டவை, ஆகவே சைவர்கள் அந்தச் சொல்லை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. அடுத்து, ஃபெட்டா பாலாடைக்கட்டி மரபாக விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டு செய்யப்படுவது. கண்டிப்பான சைவர்கள் இதையும் அறிந்திருப்பது நல்லது. 2002-ஆம் ஆண்டு முதல் ஃபெட்டா என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. கிரேக்கத்தின் குறிப்பிட்ட பகுதிகளில் செம்மறிப் பாலில், வெள்ளாட்டுப் பால் 30 விழுக்காட்டுக்கு மேற்படாமல் சேர்த்துச் செய்ததற்கே அந்தப் பெயர் பொருந்தும். பட்டியலில் ‘வெள்ளைப் பாலாடைக்கட்டி’ என்று மட்டும் இருந்தால் அது ஃபெட்டா அல்ல என்று கொள்ளலாம்.

ஒரு கடை அந்த ஊருக்கு உரியதா என்பதைச் சோதிக்க நான் நம்பும் வழி ஒன்று உண்டு. எல்லாத் தீவுகளிலும் கிடைக்கும் முசாக்கா, கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியான சுவ்லாக்கி, சாலட் ஆகியவற்றை ஒதுக்கிவிட்டு, அந்த மண்ணுக்கே சொந்தமான ஒரு பொருளாவது பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். சாண்டோரினி என்றால் அந்தத் தீவில் விளையும் பருப்பைக் குழைய வேகவைத்த ஃபாவா, அதோடு வெள்ளைக் கத்தரிக்காய். நாக்சோஸ் என்றால் அதன் உருளைக்கிழங்கும் கிராவியேரா பாலாடைக்கட்டியும். லெஸ்வோஸ் தீவில் கலோனி வளைகுடா மத்தி மீன். பிடித்த சில மணி நேரத்துக்குள் உப்பிட்டு, ஊசோவுடன் உண்பார்கள். பெலோப்பொனீஸின் கிழக்குக் கரையில் லியோனிதியோவுக்குப் போனால், துறைமுகமான ப்ளாக்காவில் உட்கார்ந்து அவ்வூரின் நீண்ட, இனிப்பான, கோடுபோட்ட கத்தரிக்காயைக் கேட்க வேண்டும். மெசொலோங்கி ஊரில் உப்பங்கழியில் பிடித்த மீனின் முட்டைப்பையை உலர்த்தி மெழுகில் தோய்த்த அவ்கோதாரகோ. சீஃப்னோஸ் தீவில் கொண்டைக்கடலையை மண்சட்டியில் இட்டுச் சனிக்கிழமை இரவு விறகடுப்புக்குள் வைத்து, ஞாயிறு காலையில் எடுக்கும் ரெவிதாதா. அதைச் செவ்வாய்க்கிழமை தேடிப் போனால் கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் அந்தப் பக்குவத்தில் இராது.

இங்கே கொரோனியைத் தனியே குறிப்பிட வேண்டும். மத்திய தரைக்கடல் உணவுமுறையை யுனெஸ்கோ 2010-இல் மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, கிரேக்கத்தின் சார்பில் அதன் அடையாளச் சமூகமாக முன்வைக்கப்பட்டது மெசீனியா கரையிலுள்ள இந்தச் சிற்றூர்தான். வெனிசியர் கோட்டையின் கீழே துறைமுகம், துறைமுகத்தைச் சுற்றி உணவகங்கள், பின்னால் மலைச்சரிவு முழுதும் ஆலிவ் தோப்புகள் என்று அமைந்த ஊர். கிரேக்கத்தில் எண்ணெய்க்காகப் பரவலாக வளர்க்கப்படும் ஆலிவ் இனம் ‘கொரோனெய்கி’ என்று இவ்வூரின் பெயரையே தாங்கியிருக்கிறது. அப்பகுதியின் ஸ்ஃபேலா பாலாடைக்கட்டி கீற்றுகளாக வெட்டி உப்புநீரில் பதப்படுத்தப்படுவது. அந்த வட்டாரத்துக்கு வெளியே எளிதில் கிடைக்காது. தங்கள் கட்டுரை பெலோப்பொனீஸ் வரை சென்றும் கொரோனியைத் தொடாமல் திரும்பியது வருத்தமளித்தது.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரேக்கர்கள் பகலுணவை இரண்டு மணிக்கு மேலும் இரவுணவைக் கோடையில் ஒன்பது பத்து மணிக்கு மேலும் உண்பவர்கள். மாலை ஏழு மணிக்கு ஒரு கடையை எட்டிப் பார்த்து, வெளிநாட்டவர் மட்டுமே இருக்கிறார்கள் என்பதால் அது சுற்றுலாக் கடை என்று முடிவு கட்டுவது அவசரம். ஞாயிற்றுக்கிழமை பகலில் மூன்று தலைமுறைகள் கூடிய நீண்ட மேசைகள் எங்கே போடப்படுகின்றன என்று பார்ப்பது சிறந்த வழி. அடுப்பில் வெந்த பதார்த்தங்கள் காலையில் சமைக்கப்படுபவை. அவற்றை நண்பகலில் கேட்க வேண்டும். மாலையில் தட்டு காலியாகியிருக்கும். யெமிஸ்தாவும் லதெராவும் ஆவி பறக்க வராது, வெதுவெதுப்பாகத்தான் வரும். அதுவே முறை என்பதால் சூடாக்கித் தரும்படி வற்புறுத்த வேண்டாம்.

கணக்கு விஷயத்தில் பயணிக்குத் துணை நிற்கும் விதிகளையும் வாசகர்கள் அறிய வேண்டும். விலைப் பட்டியல் வாசலிலேயே காணும்படி இருக்க வேண்டும். ரொட்டிக்கு ‘குவேர்’ என்ற பெயரில் ஆளுக்கு ஒரு சிறு தொகை சேர்ப்பது வழக்கம். வேண்டாதவர்கள் ரொட்டி வைக்கும்போதே மறுத்துவிடலாம். முறையான ரசீது தரப்படாவிட்டால் வாடிக்கையாளர் பணம் செலுத்தக் கடமைப்பட்டவர் அல்ல என்ற அறிவிப்பு உணவுப் பட்டியல்களிலேயே அச்சிடப்பட்டிருக்கும். இலவசமாக வந்த பழத்தட்டையோ இனிப்பையோ வேண்டாம் என்று தள்ளக் கூடாது; அது வீட்டார் அன்போடு தருவது.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை கிரேக்கக் கரையைப் பற்றி எழுதும்போது, உணவகப் பெயர்களுக்குப் பதிலாக ஒரு சிறு கட்டத்தில், எந்த மாதத்தில் எந்த மீன் கரைக்கு வருகிறது, எந்த வாரங்கள் நோன்பு வாரங்கள், எந்த ஊருக்கு எந்த விளைச்சல் என்பதை வெளியிடுங்கள். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிச் செல்பவர்களுக்குத் தனிக் குறிப்பு ஒன்றும் தேவை. அந்த நாளில் ஊர்த் திருவிழா நடக்கும் கிராமங்களில் தேவாலய முற்றத்திலேயே பொதுச் சமையலும் பந்தியும் நடப்பதுண்டு; உணவகங்களிலோ முன்பதிவின்றி மேசை கிடைப்பது அரிது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்